சொல்லில் வாழும் சிங்கம்

கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் ஓவியரிடம் படம் ஏதும் இல்லை. இருப்பது ஒரே ஒரு வரி. சிவப்புப் புலத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, நடந்து செல்லும் நிலையில், காண்போர்பால் முகம் திருப்பிய மூன்று பொற்சிங்கங்கள். அவற்றின் நகமும் நாவும் நீலம். இங்கிலாந்து அரச மரபின் கேடயச் சின்னத்தைச் சொல்லும் வரி அது. பயிற்சிக்காக அதனைத் தேர்ந்துகொண்ட ஓவியரின் திரை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. சிங்கத்தின் பிடரிமயிரில் எத்தனைச் சுருள், வால் எவ்வாறு வளைய வேண்டும், கேடயத்தின் அடி கூர்மையா வளைவா, சிவப்பு என்பது குங்குமச் சிவப்பா செங்கல் சிவப்பா என்னும் வினாக்களுள் ஒன்றுக்கும் அவ்வரியில் விடை இல்லை. விடை இல்லாமையை அவ்வரியின் குறையென்று கருதுவோர், குலச்சின்னக் கலை என்னும் அந்த ஐரோப்பியக் கலையின் வாயிலுக்கு வெளியே நிற்பவர் ஆவர்.

அக்கலையில் சின்னம் என்பது படம் அன்று, சொல். பழைய பிரெஞ்சு மொழியின் சொற்களை இன்றளவும் கைவிடாத ஒரு தனி நடையில் அச்சொல் அமைந்திருக்கிறது. பொன் ‘ஓர்’ எனவும், வெள்ளி ‘ஆர்ஜென்ட்’ எனவும், சிவப்பு ‘கியூல்ஸ்’ எனவும், நீலம் ‘அஷர்’ எனவும் பெயர் பெறும். முதலில் புலத்தின் நிறம். அதன்பின் புலத்தின்மேல் அமையும் உரு. பின்னர் அவ்வுருவின் நிலை, நிறம் என ஒரு வரிசை உண்டு. வரிசை பிறழ்ந்தால் பொருளும் பிறழும். இலக்கணம் பயிற்றும் ஆசிரியர் ஒருவர் இவ்வாசகங்களைக் காண நேர்ந்தால், தம் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்ட உணர்வையே அடைவார். வலம், இடம் என்னும் சொற்களும்கூட அங்கே கேடயத்தைத் தாங்கி நிற்பவனுடைய வலமும் இடமுமே. எதிரே நின்று காண்பவனுடையவை அல்ல. இந்த ஒன்றை மறந்துவிட்டு, திருப்பி வரையப்பட்ட சின்னங்கள் எண்ணிறந்தவை.

ஒரே செய்யுளுக்கு உரையாசிரியர் இருவர் இருவேறு உரை வகுத்தாலும் செய்யுள் ஒன்றேயாவது போல, ஒரே வாசகத்தை நூறு ஓவியர் நூறு விதமாகத் தீட்டினாலும் சின்னம் ஒன்றேயாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஒல்லியான சிங்கமும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொழுத்த சிங்கமும் வாசகத்துக்கு உட்பட்டவையாயின் இரண்டும் செல்லும். ஓவியனுக்குக் கிடைத்துள்ள உரிமை அது. ஆயினும், வாசகம் மூன்று சிங்கம் என்றால் மூன்றே. அதில் அவனுக்கு உரிமை இல்லை.

தமிழில் இக்கலைக்கு நேரான சொல் இல்லை. நேரான பொருள் இல்லாமையே காரணம். கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்குச் சோழர் அளித்த கொடையைக் கூறும் இலெய்டன் செப்பேட்டின் முத்திரையில் புலியும் இரு மீன்களும் வில்லும் பொறிக்கப்பட்டுள்ளன. அஃது இலச்சினை. அரசின் அடையாளமாகிய இலச்சினை வேறு. தனியொரு மனிதன் தன் பெயரைப் போலவே உடைமையாகக் கொண்டு, தன் வழியினர்க்கு விட்டுச் செல்லும் கேடயச் சின்னம் வேறு. இக்கட்டுரை பேசுவது பின்னதைப் பற்றியே.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மேற்கு ஐரோப்பாவில் இவ்வழக்கம் தோன்றியது. 1151இல் மறைந்த ஆஞ்சு நாட்டுச் செஃப்ரியின் கல்லறைக்கெனச் செய்த வண்ணப்பூச்சுத் தகடு பிரான்சின் லெ மான் நகரில் உள்ளது. நீலக் கேடயத்தில் பொற்சிங்கங்கள் ஏறி நிற்கும் கோலம் அதில் காணப்படுகிறது. அவருடைய பெயரனாகிய வில்லியம் லாங்கெஸ்பீ 1226இல் இறந்தபோது, சால்ஸ்பரிப் பேராலயத்தில் அமைந்த அவருடைய கல்லறைச் சிலையின் கேடயத்திலும் அதே சிங்கங்கள் இடம்பெற்றன. பாட்டனின் உரு பெயரனுக்கு இறங்கியமைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

ஒருவனுடைய உடைமை என்றால் வழக்கும் வராமல் இராது. 1385இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் ஸ்காத்லாந்தின்மீது படை நடத்திச் சென்றபோது, ஸ்குரோப் என்பவரும் கிரோவனர் என்பவரும் ஒரே சின்னத்தைத் தாங்கி நிற்கக் கண்டனர். நீலப் புலத்தில் சாய்வாக ஒரு பொற்பட்டை; அவ்வளவு எளிய சின்னம். அதற்காக நடந்த வழக்கில் நூற்றுக்கணக்கானோர் சாட்சி கூறினர். அவர்களுள் ஆங்கிலக் கவிஞர் சாசரும் ஒருவர். இலண்டன் தெருவொன்றில் நடந்து செல்கையில் அச்சின்னம் தொங்கவிடப்பட்டிருக்கக் கண்டதாகவும், இங்கே ஸ்குரோப் தங்கியுள்ளாரோ என்று வினவியதாகவும், அது கிரோவனருடையது என்று விடை வந்ததாகவும், அதற்குமுன் அப்படியொரு பெயரைத் தாம் கேட்டதே இல்லை என்றும் அவர் 1386இல் கூறியது பதிவாகியுள்ளது. ஒரு பட்டையின் உரிமைக்காகப் பெருங்கவிஞர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்ற காட்சி இன்று நகைப்பைத் தரலாம். ஆனால் அந்நாளில் அந்தப் பட்டையே ஒருவனுடைய கையொப்பமும் முகமும் ஆகும். 1390இல் மன்னரின் முடிவு ஸ்குரோப்புக்குச் சார்பாக அமைந்தது. தோற்றவர் பட்டையை விட்டு, நீலப் புலத்தில் பொன்னிறக் கோதுமைக் கட்டு ஒன்றைத் தம் சின்னமாகக் கொண்டார்.

ஓவியர் இப்பொழுது சிவப்பைத் தேர்ந்து திரையின் புலத்தை நிரப்பிவிட்டார். சிவப்பின்மேல் பொன். இதிலும் ஒரு விதி மறைந்திருக்கிறது. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள் எனவும், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள் எனவும் அக்கலை வகுத்துள்ளது. நிறத்தின்மேல் நிறமோ, உலோகத்தின்மேல் உலோகமோ வருதல் ஆகாது. வெள்ளிப் புலத்தில் பொற்சிலுவைகளைக் கொண்ட எருசலேம் அரசின் சின்னம் இதற்குப் பேர்பெற்ற விலக்கு. புழுதி பறக்கும் களத்தில் தொலைவிலிருந்தே கேடயம் புலப்பட வேண்டும் என்பதே இவ்விதிக்குக் கூறப்படும் காரணம். களங்கள் மறைந்தன. ஆனால் கைப்பேசித் திரையில் விரல்நகத்தளவாகச் சுருங்கிவிட்ட படத்தில், விதியைக் காத்த சின்னம் தெளிவாக நிற்பதையும், விதியை மீறிய சின்னம் வண்ணக் கறையாகக் கரைவதையும் எவரும் காணலாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கண்ணும் இக்காலக் கண்ணும் ஒரே கண்தான் போலும்.

இங்கே அச்சுக்கலையின் பழைய வரலாறு ஒன்றும் நினைக்கத்தக்கது. அச்சுப்பொறி வந்தபோது சின்னங்களை நூல்களில் வெளியிட விரும்பியோர் ஒரு சங்கடத்தில் சிக்கினர். பொறியிடம் கறுப்பு மை ஒன்றே இருந்தது. கேடயங்களுக்கோ ஏழு நிறம் வேண்டும். கோடுகளால் நிறத்தைக் குறிக்கும் முயற்சிகள் நெதர்லாந்துப் பகுதியில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றின. இயேசு சபைத் துறவியாகிய சில்வெஸ்டர் பெட்ரா சாங்டா 1638இல் உரோமையில் வெளியிட்ட நூலின் வாயிலாகப் பரவிய முறையே நிலைபெற்று, அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. புள்ளிகள் இட்டால் பொன். ஒன்றும் இடாமல் விட்டால் வெள்ளி. நெடுக்குக் கோடுகள் சிவப்பையும், கிடைக்கோடுகள் நீலத்தையும், இரண்டும் குறுக்கிட்ட வலை கறுப்பையும், சாய்வுக் கோடுகள் தம் சாயும் திசைக்கேற்பப் பச்சையையும் ஊதாவையும் குறிக்கும். வண்ணமே இன்றி வண்ணத்தைப் படிக்க வைத்த இம்முறை நாணயங்களிலும் முத்திரைகளிலும் வெள்ளிப் பாத்திரங்களிலும் ஏறியது. பழைய நாணயங்களில் கேடயத்தின்மேல் காணப்படும் மெல்லிய கோடுகளை அழகுக்கென இட்டவை என்று எண்ணிக் கடந்து போவோரே பலர். அவை எழுத்துகள், வாசிக்கத் தெரிந்தவர்க்கு நிறம் தெரியும்.

சிங்கத்துக்கு வருவோம். கணிப்பொறியில் படம் அமையும் வழி இரண்டு. நிறப்புள்ளிகளைக் கட்டமிட்டு அடுக்குவது ஒன்று. நிழற்படம் அவ்வகை, பெரிதாக்கினால் புள்ளிகள் பல்லிளிக்கும். வளைகோடுகளைக் கணக்காகவே எழுதி வைப்பது மற்றொன்று. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இடையில் எப்பக்கம் இழுபடுகிறது என்னும் எண்கள் மட்டுமே கோப்பில் இருக்கும். அஞ்சல்தலை அளவிலும் மாளிகைச் சுவரளவிலும் அது ஒரே கூர்மையுடன் விரியும். இவ்வளைகோடுகளின் பிறப்பிடம் ஓவியச்சாலை அன்று, கார்த் தொழிற்சாலை. 1950களின் இறுதியில் சித்ரோவன் நிறுவனத்தில் பால் தெ காஸ்டெல்ஜோ என்பவரும், அடுத்து ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியே என்பவரும் காரின் உடற்கட்டை வரையும் பொருட்டு இக்கணக்கை வகுத்தனர். முன்னவருடைய ஆய்வை நிறுவனம் மறைவாகவே வைத்துக்கொண்டமையால், பின்னவர் பெயரே கோட்டுக்கு நின்றுவிட்டது. எவ்வுரிமைக்கும் முதலில் பதிந்தவனே உரியவன் என்னும் உலக வழக்கம் இங்கும் தப்பவில்லை. அக்கோடுகளை எழுதி வைப்பதற்கான எஸ்விஜி என்னும் பொது வடிவம் 2001இல் தரமாக ஏற்கப்பட்டது. இணையக் கலைக்களஞ்சியத்துக்கென ஊர்களின் சின்னங்களையும் நாடுகளின் சின்னங்களையும் ஊதியமின்றி வரைந்து குவிக்கும் தன்னார்வலர் பெரும்பாலும் அவ்வடிவத்தையே கையாள்கின்றனர்.

இவ்வசதியில் ஓர் இடறலும் உண்டு. ஒரு முறை வரைந்த சிங்கத்தை ஓவியர் பேழையில் இட்டு வைக்கிறார். அடுத்த சின்னத்துக்கும் அதே சிங்கம், அதற்கடுத்ததற்கும் அதுவே. கையால் தீட்டியவன் கேடயத்தின் வடிவத்துக்கேற்ப விலங்கை வளைத்தான். மேலே அகன்ற இடத்தில் தலையும் முன்கால்களும் பரந்து விரிய, கீழே குறுகும் இடத்தில் பின்கால் ஒடுங்கி நிற்கும். புலத்தில் வெற்றிடம் எஞ்சாமல் உரு நிரம்பி நிற்பதே நல்ல வேலை என்பது அக்கலையின் பழைய மதிப்பீடு. பேழைச் சிங்கமோ எக்கேடயத்திலும் தன் அளவிலேயே நிற்கும். இடம் போதாவிட்டால் அதனைப் பக்கவாட்டில் அமுக்குவர்; அப்போது சிங்கம் பசியால் மெலிந்த நாயாகிறது. கேடயத்தின் இருபுறமும் நின்று தாங்கும் விலங்குகளை ஒரு பக்கம் வரைந்து மறுபக்கம் கண்ணாடியில் போலத் திருப்பிவிடுவதும் உண்டு. வலக்கையில் வாள் ஏந்திய வீரன் அவ்வாறு இடக்கை வீரனாகிவிடுகிறான். கருவி செய்த பிழை அன்று அது. வாசகத்தை மீண்டும் வாசிக்க மறந்த கண்ணின் பிழை.

மலேசியாவின் சின்னத்தில் இருபுறமும் புலிகளே ஆதலால், ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று ஆகிவிடும். சிங்கப்பூரின் சின்னத்தில் அவ்வசதி இல்லை. அங்கே ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் புலியும் நிற்கின்றன. சிங்கம் சிங்கப்பூரையும், புலி மலேசியாவுடன் அதற்குள்ள வரலாற்றுத் தொடர்பையும் குறிப்பன. 1959 டிசம்பர் 3ஆம் நாள் கொடியுடனும் நாட்டுப் பண்ணுடனும் அச்சின்னம் அறிமுகமாயிற்று. இரு நாடுகளின் சின்னங்களும் ஆங்கிலேயரின் கேடய மரபிலிருந்து கிளைத்தவையே. மலேசியச் சின்னத்தின் நடுவே சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என நான்கு கட்டங்கள் உள்ளன. அவை பழைய கூட்டு மலாய் மாநிலங்களாகிய பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றின் கொடி வண்ணங்கள். மேலே வரிசையாக நிற்கும் ஐந்து கிரிஸ் கத்திகள் அக்கூட்டில் சேராதிருந்த ஐந்து மாநிலங்களைக் குறிக்கும். 1965இல் சிங்கப்பூர் பிரிந்தபின், அதற்குரிய இடத்தில் செம்பருத்தி மலர்ந்தது. ஒரு நாட்டின் வரலாறு கட்டம் கட்டமாகக் கேடயத்தில் எழுதப்பட்டிருப்பதைப் பள்ளி மாணவர் தம் பாடநூலின் அட்டையிலிருந்தே வாசித்தறிய இயலும். வாசிக்கச் சொல்லித் தருவார்தாம் தேவை.

ஆயினும் அரசுகளின் நோக்கம் வேறு. தம் சின்னம் எங்கும் ஒரே படமாக விளங்க வேண்டும் என்றே அவை விரும்பும். ஓவியன் தன் விருப்பப்படி சிங்கத்தைக் கொழுக்க வைக்கும் உரிமை அங்கே செல்லாது. சிங்கப்பூர் தன் சின்னத்தின் பயன்பாட்டைச் சட்டத்தால் காத்துக்கொண்டு, பொதுமக்களின் பரந்த பயனுக்கென 1986இல் சிங்கத் தலை உருவொன்றைத் தனியே வழங்கியது. இக்காப்பை மேலும் ஒழுங்குபடுத்த 2022இல் தேசியச் சின்னங்கள் சட்டம் நிறைவேறியது. இவ்வாறு சொல்லில் வாழ்ந்த சின்னம் மெல்லப் படத்துக்குள் குடியேறுவதைக் குறை கூறவும் இயலாது. கடப்பிதழின் அட்டையில் உள்ள சிங்கம் ஊருக்கு ஊர் மாறினால் எல்லைக் காவலர் என் செய்வார்?

குறை கூறத்தக்கது வேறொன்று. குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், அப்பெயருக்குரிய ‘தொன்மைச் சின்னம்’ சட்டமிட்டுத் தருவோம் என்னும் வணிகம் கணிப்பொறிக்கு முன்பே இருந்தது. கணிப்பொறியால் அது பெருவெள்ளமாயிற்று. ஆங்கில மரபில் ஒரு குடும்பப் பெயருக்கெனச் சின்னம் என்பதே கிடையாது. சின்னம் ஒரு மனிதனுக்கு வழங்கப்படுவது. அவனுடைய நேர்வழியினர்க்கு மட்டும் இறங்குவது. 1484இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் நிறுவிய இலண்டன் சின்னக் கல்லூரி இன்றும் அதனை வழங்கிவருகிறது. வழங்கும் பத்திரம் கன்றுத் தோலில் கையால் எழுதித் தீட்டப்படுகிறது. ஸ்காத்லாந்தில் 1672 முதல் பதிவேடு தொடர்ந்து வருகிறது. உரிமையின்றிச் சின்னம் தாங்குவது அங்கே குற்றமும் ஆகும். கனடா 1988இல் தனக்கெனச் சின்ன ஆணையம் அமைத்து, தன் பதிவேட்டை எவரும் இணையத்தில் காணுமாறு திறந்து வைத்துள்ளது. இத்தனையும் இருக்க, கடல் கடந்து குடியேறிய எளியவர் ஒருவர், தம் பெயருடைய வேறெவரோ ஒரு பிரபுவின் கேடயத்தை விலைக்கு வாங்கிக் கூடத்தில் மாட்டி, பிள்ளைகளுக்கு இவரே நம் பாட்டன் என்று காட்டுகிறார். அவர் இழந்தது பணம் அன்று. அவருடைய உண்மையான பாட்டன், உழுதவனோ கப்பலில் சுமை தூக்கியவனோ, அச்சுவரில் இடமின்றிப் போய்விட்டான்.

இனி அச்சு. திரை ஒளியால் நிறம் காட்டுவது. தாள் மையால் நிறம் காட்டுவது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளின் கலவையில் பளிச்சிட்ட வண்ணம், மயில்நீலம், செங்கருநீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளின் கலவைக்கு மாறும்போது களையிழக்கும். நீலம் ஊதாவின் பக்கம் சாய்ந்துவிடுவது அச்சகத்தார் அனைவரும் அறிந்த தொல்லை. ஆகவே நல்ல ஓவியர் திரையை நம்புவதில்லை. சரிபார்ப்புப் படி எடுத்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். வெள்ளிக்கு மை வேண்டாம், தாளின் வெண்மையே வெள்ளி. ஆனால் தாள் பழுப்பேறியதாயின் வெள்ளியும் பழுப்பேறும். பொன்தான் பெருஞ்சிக்கல். பழைய ஓவியன் பொன் தூளைப் பிசினில் குழைத்துத் தீட்டினான். ஒளி விழும் கோணத்துக்கேற்ப அது மின்னியது. நான்கு மைகளால் அம்மினுக்கம் வாராது. மஞ்சள் முதல் பழுப்பு வரை நிறத்தைப் படிப்படியாக இறக்கி, பொன்போல் தோன்றச் செய்யும் தந்திரம் திரையில் மயக்கும்; தாளிலோ அழுக்குப் படிந்த பித்தளையாகிவிடும். தட்டையான நல்ல மஞ்சளே மேல். மஞ்சளைப் பொன்னாக ஏற்பதற்கு மரபிலேயே இசைவு உண்டு. பொருள் வசதி உடையவர், அச்சிட்ட தாளின்மேல் பொன் தகட்டைச் சூட்டால் ஒட்டுவிப்பர். அல்லது பொன்னுக்குரிய இடத்தை மட்டும் கையால் தீட்டுவிப்பர். பொறி முடித்த இடத்தில் தூரிகை மீண்டும் வந்து அமர்வதைக் காண்பதில் ஒரு நிறைவு உண்டு.

ஓவியரின் அறையில் அச்சுப்பொறி மெல்ல முனகித் தாளை வெளியே தள்ளுகிறது. சிவப்பு நன்கு விழுந்துள்ளது. மூன்று சிங்கங்களும் மஞ்சளில் தெளிவாக நடக்கின்றன. அவர் தாளைச் சாளரத்தண்டை கொண்டுபோய் நெடுநேரம் பார்க்கிறார். ஏதோ குறைகிறது. சிங்கங்கள் வாய் திறந்திருக்கின்றன, நாவைக் காணோம். பேழையிலிருந்து எடுத்த பழைய சிங்கத்தின் நா சிவப்பு. வேறொரு சின்னத்தின் நீலப் புலத்துக்கென வரைந்தது அது. திரையின் ஒளியில் மெல்லிய விளிம்பால் புலப்பட்ட அந்நா, சிவப்புத் தாளில் சிவப்போடு சிவப்பாக மறைந்துவிட்டது. நகங்களும் அவ்வாறே. அவர் மேசைக்குத் திரும்பி அந்த ஒரு வரியை முதலிலிருந்து மீண்டும் வாசிக்கிறார். நகமும் நாவும் நீலம் என்று வரியின் கடைசியில் இருக்கிறது. சிவப்புப் புலத்தில் சிங்கத்தின் நாவை நீலமாக்கியவர் எவரோ, அவர் இதே குறையை என்றோ கண்டவராகத்தான் இருக்க வேண்டும். ஓவியர் தாளை மடித்து வைத்துவிட்டு, நாவுக்குரிய வளைகோட்டைத் தொட்டு நிறத்தை மாற்றத் தொடங்குகிறார்.